ஜீப்பின் மேல் வைத்த திசைகாட்டி

கோபம் வந்தால் நிற்கிறவன் உட்கார வேண்டும், உட்கார்ந்தும் அடங்காவிட்டால் படுத்துவிட வேண்டும் என்று மார்க்கத்தில் சொல்லியிருக்கிறது. நல்ல வழிதான். ஆனால் மொளகா மாஸ்டருக்கு அது ஒத்துவரவில்லை. அவர் பிழைப்பே படுத்துக்கொண்டு செய்கிற பிழைப்பு. லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்து பிரேக் கழற்றுகிறவனுக்குப் படுத்த இடத்திலேயே கோபம் வந்தால், அவன் அதற்கு மேல் எங்கே போய் விழுவான்?

அந்த வியாழக்கிழமை மதியம் அவருக்குப் படுத்த இடத்தில்தான் கோபம் வந்தது. லாரிப் பக்கத்தில் இரண்டு கால்கள் வந்து நின்றன. ரப்பர் செருப்பு, தண்ணீரில் ஊறி வெளுத்துப்போன பாதம். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற இடத்தில் வேலை பார்க்கிற குண்டூசி என்கிற பெண்ணின் அம்மா என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"மாஸ்டர், கொஞ்சம் வெளிய வாங்க."

"சொல்லும்மா, காது கேக்குது."

"நாளைக்கு ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் பள்ளிவாசல் வாசல்ல நானும் பொண்ணும் நின்னு எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேக்கணுமாம். கேட்டாலும் அவளைச் சாரணர்லருந்து எடுத்தது எடுத்ததுதானாம். கமிட்டித் தலைவரோட டிரைவர் இப்பத்தான் வந்து சொல்லிட்டுப் போறாரு."

மாஸ்டர் எழுந்த வேகத்தில் நெற்றி லாரி அச்சில் போய் மோதியது. வெளியே வந்தபோது நெற்றியில் கிரீஸும் ரத்தமும் கலந்து வழிந்தது. "எதுக்கு மன்னிப்பு?" என்று கத்தினார். பக்கத்து டயர் கடையில் தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

"கிப்லாவை வேணும்னே திருப்பி வச்சு விளையாடினாளாம். என் பொண்ணுக்கு வாய் நீளம் மாஸ்டர், நான் இல்லைங்கல. ஆனா தொழுகையில விளையாடுற பொண்ணா அவ?" அந்த அம்மாள் அழவில்லை. அழுகிற கட்டத்தைத் தாண்டி வந்திருந்தாள். "நான் ஊரார் அழுக்கையெல்லாம் வெளுக்கிறவதான். அதுக்காக யாரோ பண்ணின அழுக்கை என் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகச் சொன்னா எப்படி?"

"நீங்க வேலைக்குப் போங்கம்மா. நான் பாத்துக்கறேன்," என்றார் மாஸ்டர். அப்படிச் சொல்லும்போதே கையிலிருந்த ஸ்பேனரை ஓங்கித் தரையில் அடித்தார். அது துள்ளிப் போய் அவருடைய டீ கிளாஸையே உடைத்தது.

சங்கதி இதுதான். பள்ளிவாசல் கமிட்டியின் ஆதரவில் நடக்கிற சாரணர் படைக்கு மாஸ்டர்தான் தலைமை. போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் முகாம். வெளியூர்க் கமிட்டிக்காரர்களும் விருந்தாளிகளாக வந்திருந்தார்கள். அந்தப் படையில் ஒரு வழக்கம் உண்டு. முகாமில் தொழுகை நேரம் வந்தால், யாரும் செல்போனை எடுக்கக்கூடாது. ஓர் அணி திசைகாட்டியை வைத்து, மக்கா இருக்கிற திசையான கிப்லாவைப் பார்த்து, அந்தப் பக்கமாக வரிசைக்குக் கயிறு கட்ட வேண்டும். அன்று அந்த முறை குண்டூசியின் அணிக்கு. அவள்தான் அணித் தலைவி. ஆள் ஒல்லி, வாய் கூர்மை, பெயர் வந்த காரணத்தை விளக்க வேண்டியதில்லை. மாஸ்டரின் மகன் அவளுக்கு அடுத்த நிலை, துணைத் தலைவன்.

வானம் மூடிக் கிடந்தது. சூரியன் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கயிறு கட்டினார்கள், எல்லோரும் நின்று பிற்பகல் தொழுகையான அஸர் தொழுதார்கள். சலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கவும் மேகம் விலகிப் பளிச்சென்று வெயில் அடிக்கவும் சரியாக இருந்தது. பார்த்தால், மொத்த ஜமாஅத்தும் சமையல் கொட்டகையைப் பார்த்து நின்றிருக்கிறது! திசைகாட்டி எங்கே என்று தேடினால், தலைவருடைய ஜீப்பின் பானெட் மேல் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. இரும்புப் பக்கத்தில் திசைகாட்டியை வைத்தால் முள் தப்பாகக் காட்டும் என்பது படையில் சேருகிற வாண்டுகளுக்கெல்லாம் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம். அந்தப் பாடத்தை யாரோ ஏரியில் கரைத்துக் குடித்திருந்தார்கள்.

இமாம் நல்ல மனுஷர். "மனசாரத் தேடித்தானே நின்னோம், தொழுகை கூடிருச்சு, அது செல்லும், போய் டீயைக் குடிங்க," என்று சொல்லிவிட்டார். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் விருந்தாளிகளில் ஒருவர் சும்மா இருக்காமல், "உங்க ஊர்ல தலைவர் ஜீப் எந்தப் பக்கம் போகுதோ அதுதான் கிப்லாவா?" என்று கேட்டுவிட்டார். கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. தலைவரும் சிரித்தார். சிரித்த வாய் மூடுவதற்குள் முகம் கறுத்துவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடமும் கோணல், ஆட்டமும் கோணல், அதற்கு ஓர் ஆள் பலி வேண்டும். "யாருடா கட்டினது?" என்று தலைவர் கேட்டபோது குண்டூசி முன்னால் வந்து, "என் அணி. என் பொறுப்பு," என்று சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மாஸ்டர் அன்றைக்கே நினைத்தார், ஏதோ பிள்ளைகள் அவசரத்தில் செய்த தவறு, அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று. தவறு வேறு, பழி வேறு. தவறுக்குப் பாடம் உண்டு. பழிக்கு என்ன உண்டு? ஒரு தகப்பன் இல்லாத பெண்ணை வாசலில் நிறுத்தி ஊர் பார்க்கத் தலைகுனிய வைப்பதற்கு என்ன பெயர்?

நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். போகிற வழியெல்லாம் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு போனார். தெருவில் எதிரே வந்தவர்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். அவருக்கு மொளகா என்று பெயர் வைத்ததே இந்த ஊர்தான். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று அதே ஊர் சொல்லவும் செய்யும். அதைக் கேட்கும்போதெல்லாம் மாஸ்டருக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி, நான் கத்தினால் நியாயத்துக்குத்தானே கத்துகிறேன் என்று. பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டியான ஹவுஸில் கை, கால், முகம் கழுவி ஒளு செய்தார். முகம் கழுவினால் கோபம் தணியுமாம். முகம் சுத்தமாயிற்று, காயம் எரிந்தது, கோபம் அப்படியே இருந்தது.

கமிட்டி அறை மாடியில். தலைவர், கமிட்டி உறுப்பினரான மருந்துக்கடைக்காரர், இமாம் மூன்று பேரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். தலைவருக்கு மரக்கடை, குரலும் பலகையை இழைப்புளியில் இழைத்த மாதிரி வழவழவென்று இருக்கும்.

"வாங்க மாஸ்டர். நெத்தியில என்ன?"

"நெத்தியை விடுங்க. அந்தப் பொண்ணு என்ன தப்பு செஞ்சா?"

"முதல்ல உக்காருங்க."

"நிக்கறேன்."

"கோபமா இருக்கீங்க. நிக்கிறவங்க உக்காரணும், உங்களுக்குத் தெரியாததா?"

மாஸ்டர் உட்கார்ந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. "உக்காந்துட்டேன். இப்ப சொல்லுங்க. வேணும்னே செஞ்சான்னு யார் பாத்தது?"

"அவளே ஒத்துக்கிட்டாளே, என் பொறுப்புன்னு."

"பொறுப்புன்னு சொன்னா குத்தம்னு அர்த்தமா? ஓர் அணித் தலைவி தன் ஆளுங்களுக்காக முன்னால வந்து நிக்கறா. நாம அதைச் சொல்லித்தானே வளர்க்கறோம்! நீங்களும் ஒவ்வொரு விழாவுலயும் மைக்கைப் புடிச்சு சொல்றீங்க, ஒவ்வொருத்தரும் மேய்ப்பர், அவங்க பொறுப்பைப் பத்தி அவங்கதான் பதில் சொல்லணும்னு. அவ பதில் சொன்னா. அதுக்கு இதுவா கூலி?"

மருந்துக்கடைக்காரர் குறுக்கே வந்தார். "சத்தம் போடாதீங்க மாஸ்டர். சாரணன் எந்தக் கஷ்டத்துலயும் சிரிச்ச முகமா இருக்கணும்னு பிள்ளைங்களுக்குச் சொல்ற ஆளு நீங்க."

இதுதான் மாஸ்டரைக் கொதிக்க வைத்தது. நல்ல வார்த்தை எல்லாம் நல்ல வார்த்தைதான். ஆனால் அடி வாங்கினவனைப் பார்த்துச் சிரி என்பதற்கும், கேள்வி கேட்பவனைப் பார்த்து உட்கார் என்பதற்கும் அந்த வார்த்தையை எடுத்துக் கையில் பிடித்தால், அதைவிடப் பெரிய திருட்டு உலகத்தில் உண்டா?

"உக்காந்தும் போகலையே, இனி என்ன, படுக்கணும் இல்ல?" என்றார் மாஸ்டர். நாற்காலியைப் பின்னால் தள்ளினார். கமிட்டி அறையின் நட்ட நடுவில், அந்தப் பச்சைக் கம்பளத்தில், மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"என்ன மாஸ்டர் இது, சின்னப் புள்ளையாட்டம்!"

"மார்க்கத்துல சொன்னதைச் செய்யறேன். நீங்க பதில் சொல்லுங்க."

படுத்து வேலை செய்து பழகிய ஆளுக்குக் கீழே கிடந்தால்தான் எல்லாம் தெளிவாகத் தெரியும். மேசைக்கு மேலே தலைவரின் முகம் பொறுமையின் சிகரமாக இருந்தது. மேசைக்குக் கீழே அவருடைய வலது முழங்கால் தையல் மெஷின் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் அதைப் பார்த்தார். ஏதோ இருக்கிறது என்று அப்போதே அவருக்குப் பட்டது.

கூரையைப் பார்த்தபடியே பேசினார். "உங்க பிள்ளைங்களை என்கிட்ட அனுப்பும்போது என்ன சொன்னீங்க? சாரணர் வேற, மார்க்கம் வேறயா மாஸ்டர், ரெண்டும் ஒண்ணுதானேன்னு சொன்னீங்க. பொய் சொல்லாதே. ஒப்படைச்ச அமானிதத்தைக் காப்பாத்து. தண்ணியை வீணாக்காதே. வழியில முள் கிடந்தா எடுத்துப் போடு. அடுத்தவங்களுக்கு ஒரு நல்லதாவது செய்யாம படுக்காதே. இங்க மூணு விரலைத் தூக்கிச் சொல்றதும் அங்க கையைக் கட்டிக்கிட்டு சொல்றதும் ஒண்ணுதான்னு நீங்கதான் சொன்னீங்க. நான் நம்பினேன். முட்டாள் மாதிரி நம்பினேன். இப்ப பார்த்தா ரெண்டுலயும் ஒரே மாதிரி ஏமாத்தலாம்னு கண்டுபிடிச்சிருக்கீங்க. சாரணரைக் கேட்டா அது மார்க்க விஷயம்பீங்க. மார்க்கத்தைக் கேட்டா அது பிள்ளைங்க விளையாட்டும்பீங்க. நடுவுல மாட்டினது ஒரு இளைச்சவ. அவ தலையில மொளகா அரைக்கறீங்க! திசையைத் தேடித் தப்பா நின்னா அல்லாஹ் மன்னிப்பான்னு ஹஜ்ரத்தே சொல்லிட்டாரு. செய்யாத தப்பை ஒருத்தர் தலையில கட்டினா அதுக்கு யார் மன்னிப்பா? சொல்லுங்க ஹஜ்ரத்!"

இமாம் தாடியைத் தடவிக்கொண்டு, "அவர் கேக்கறது நியாயம், தலைவரே," என்றார்.

தலைவர் எழுந்தார். "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வராந்தாவுல இருங்க. நான் மாஸ்டர்கிட்ட தனியா பேசறேன்." இமாமுக்கு மனமில்லை. ஆனாலும் மருந்துக்கடைக்காரர் பின்னால் போனார். கதவைச் சாத்திவிட்டு வந்த தலைவர், வேட்டியை மடக்கிக்கொண்டு மாஸ்டரின் தலைமாட்டில் குந்தினார். குரல் இன்னும் வழவழப்பாயிற்று.

"உங்களுக்காகத்தான் மாஸ்டர் செஞ்சேன்."

"எனக்காகவா?"

"திசைகாட்டியை என் ஜீப் மேல வச்சது உங்க பையன். என் டிரைவர் கண்ணால பாத்திருக்கான். அந்தப் பொண்ணு கயிறு எடுக்கப் போயிருக்கா, இவன்கிட்ட கொடுத்துட்டுப் போயிருக்கா. தரை ஈரமா இருந்துச்சுன்னு இவன் பானெட் மேல வச்சு முள்ளைப் பாத்துட்டான். அடுத்த மாசம் தலைநகர்ல பெரிய விருது வாங்கப் போற பையன். மாஸ்டர் மகன். அவன் பேரு அடிபட்டா படைக்கே கேவலம், உங்களுக்கும் கேவலம். அந்தப் பொண்ணுக்கு யார் இருக்கா, கேக்கறதுக்கு? ரெண்டு நாள்ல ஊர் மறந்துரும். நான் உங்களுக்கு நல்லது பண்ணியிருக்கேன், நீங்க என்னடான்னா கீழ படுத்துக்கிட்டு என்னையே ஏசறீங்க."

கூரையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரமாக யாருக்காகக் கத்தினோம், யாரைப் பார்த்துக் கத்தினோம் என்பதெல்லாம் தலைகீழாயிற்று. தலைவர் சொன்னதில் மாஸ்டருக்கு ஒரே ஒரு வரிதான் திரும்பத் திரும்பக் கேட்டது: யார் இருக்கா, கேக்கறதுக்கு. கேட்பதற்கு ஒருத்தன் இருக்கிறான் என்று மார்தட்டிக்கொண்டு வந்தவர் அவர். வந்து பார்த்தால் திருட்டுப் பொருள் இருப்பதே அவர் வீட்டில்.

எழுந்தார். தலைவர் தோளில் வைத்த கையை எடுத்து எறிந்தார். "இதுக்குப் பேரு நல்லதா? தூ!" என்றார். கதவைத் திறந்த வேகத்தில் வராந்தாவில் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். இமாம், "மாஸ்டர், மாஸ்டர், நிதானம்," என்று சொல்லச் சொல்ல, அவர் படிகளில் இறங்கிவிட்டார்.

பள்ளிவாசலின் பின்முற்றத்தில் படை கூடியிருந்தது. வியாழன்தோறும் மாலைப் பயிற்சி. குதிரை லாடம் மாதிரி வளைந்து நின்று முடிச்சுப் போடப் பழகிக்கொண்டிருந்தார்கள். குண்டூசியும் வந்திருந்தாள். நீக்கிவிட்டார்கள் என்பது தெரிந்தும் சீருடை போட்டு, ஸ்கார்ஃப் கட்டி, தன் அணியின் முன்னால் நின்றிருந்தாள். அப்படி ஒரு பிடிவாதம். அவளுக்குப் பக்கத்தில் மாஸ்டரின் மகன், மீசை அரும்புகிற வயசு, கையில் கயிற்றை வைத்துக்கொண்டு ஒரு முடிச்சும் போடாமல் நின்றான்.

"டேய்!" என்றார் மாஸ்டர். முற்றம் முழுக்கக் கைகள் நின்றன. "இங்க வா!"

மகன் வந்தான். மூன்று விரலைத் தூக்கி வணக்கம் வைத்தான்.

"அந்த மரியாதையெல்லாம் அப்புறம். திசைகாட்டியை ஜீப் மேல வச்சது யாரு?"

"நான்தான் வாப்பா."

உடனே வந்தது பதில். மறைக்கவில்லை, மழுப்பவில்லை. மாஸ்டர் பொய் வரும் என்று எதிர்பார்த்து அதற்கென்றே கோபத்தைச் சேர்த்து வைத்திருந்தார். உண்மை வந்ததும் அவருக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"அப்புறம் ஏண்டா சொல்லல? ஒரு பொண்ணு தலையில பழி விழுது, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே? சொல்லுடா! வாயைத் தொறந்து சொல்லு! என் மகனாடா நீ?"

பையன் கையிலிருந்த கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினான்.

"இப்படிக் கத்தினா எப்படி சார் சொல்லுவான்?" என்றாள் குண்டூசி.

"நீ சும்மா இரும்மா. உனக்காகத்தான் கேக்கறேன்."

"எனக்காகக் கேக்க வேண்டாம் சார். நான் அவன் மேல கொலைவெறியில இருக்கேன். ஞாயித்துக்கிழமையிலருந்து அவன்கிட்ட பேசல. நீயே போய்ச் சொல்லு, ஜும்ஆ வரைக்கும் டைம், இல்லைன்னா நீ என் அணியே இல்லைன்னு அன்னிக்கே சொல்லிட்டேன். நான் காட்டிக்கொடுக்க மாட்டேன். ஆனா அவன் ஏன் சொல்லலைன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

"என்ன தெரியாது எனக்கு?"

பையன் இப்போது வாயைத் திறந்தான். மெல்லத்தான் பேசினான். "அன்னிக்கே வீட்டுக்கு வந்ததும் உம்மாகிட்ட சொல்லிட்டேன் வாப்பா. உங்ககிட்ட சொல்லணும்னு வாசல் வரைக்கும் வந்தேன். நீங்க யாரையோ போன்ல திட்டிட்டு இருந்தீங்க. உம்மா கையைப் புடிச்சு உள்ள இழுத்துட்டாங்க. வாப்பா காதுக்குப் போனா வீடு தாங்காது, நீ கம்முனு இரு, தலைவர் பாத்துக்குவாருன்னாங்க. தலைவர்கிட்ட பேசினதே உம்மாதான்."

மாஸ்டரின் மனைவி ஓர் ஈயைக்கூட அதட்டாதவள். அவள் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறாள். எதற்கு? மகனைக் காப்பாற்ற. யாரிடமிருந்து? ஊரிடமிருந்து அல்ல. கட்டின புருஷனிடமிருந்து.

"நான் மேல போய்ச் சொல்றேன்," என்றான் மகன். ஸ்கார்ஃபைச் சரிசெய்துகொண்டான்.

"வா, போலாம்," என்று மாஸ்டர் திரும்பினார்.

"நீங்க வேண்டாம் வாப்பா." பையன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க வந்தா நீங்கதான் பேசுவீங்க. நான் சொல்றது யார் காதுலயும் விழாது."

குண்டூசி முன்னால் வந்தாள். "என் அணி ஆளு. நான் கூடப் போறேன்," என்றாள். அவனைப் பார்த்து, "நட. பேசிட்டு வா. அப்புறம் உன்னை நான் தனியா கவனிச்சுக்கறேன்," என்றாள். இருவரும் படியேறினார்கள்.

மாடி ஜன்னல் திறந்திருந்தது. முற்றத்தில் எல்லோரும் அதை அண்ணாந்து பார்த்தார்கள். பையனின் குரல் முதலில் கம்மலாகக் கேட்டது, பிறகு தெளிந்தது. "நான்தான் வச்சேன். அவ கயிறு எடுக்கப் போயிருந்தா. என்னை நம்பிக் கொடுத்தா. இரும்புன்னு யோசிக்கல." தலைவர் குறுக்கே புகுந்து, "தம்பி, நீ சின்னப் பையன், இதெல்லாம் பெரியவங்க விஷயம்," என்று இழைக்க ஆரம்பித்தார். உடனே இமாமின் குரல், யாரும் அதுவரை கேட்டிராத கனத்தோடு வந்தது. "பையன் பேசட்டும் தலைவரே! நாளைக்கு அந்தம்மாவும் பொண்ணும் வாசல்ல நிக்க மாட்டாங்க. அவளைப் படையிலருந்து யாரும் எடுக்கல. அந்தப் பொண்ணு மேல தப்பில்லைன்னு நானே மைக்ல சொல்றேன். மன்னிப்பு கேக்கறதுன்னா நாம போய் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு கேக்கணும்."

"நீங்க சொல்ல வேண்டாம் ஹஜ்ரத். நான் சொல்றேன். என் தப்பு," என்றான் பையன்.

பெருமைப்பட வேண்டிய இடம். மாஸ்டருக்குப் பெருமை வரத்தான் செய்தது. அவ்வளவு அழுக்குக்கு நடுவிலும் வந்தது. ஆனால் அந்தப் பெருமையில் தனக்கு ஒரு பங்கும் இல்லை என்பதும் அதே நேரத்தில் தெரிந்தது. அவன் நின்று பேசியது அவர் இல்லாத அறையில். இத்தனை வருஷம் பொய்யைப் பார்த்துக் கத்தினோம், அநியாயத்தைப் பார்த்துக் கத்தினோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது.

நெற்றிக் கட்டு நழுவி ரத்தம் கண்ணில் இறங்கியது. துடைத்துக்கொள்வதற்காக மாஸ்டர் கையைத் தூக்கினார்.

எதிர் வரிசையில் நின்ற வாண்டுகள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓர் அடி பின்னால் போனார்கள்.